கம்பம் பள்ளத்தாக்கை நீர்வழியே வாசிக்கும் முறை

மாசி மாத நடுப்பகலில் மதுரைக் கல்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தால், வைகையில் மணல்திட்டும் கோரையும் ஊர்ச் சாக்கடை கலந்த ஒரு கோட்டுத் தண்ணீரும்தான் கண்ணில் படும். இந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால், வருசநாட்டு மலையில் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும், விடை சரியானதே. ஆயினும் பேரணையில் பிரிந்து மேலூர் வரை வயல்களுக்குப் போகும் பெரியாற்றுக் கால்வாயின் பெயரே வேறொன்றைச் சொல்கிறது. அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி வருசநாட்டில் பிறந்ததன்று. மேற்குமலைக்கு அப்பால் அரபிக்கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெரியாறு என்னும் வேறோர் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, இந்தப் பக்கம் இறக்கிவிட்ட நீர் அது. அந்த நீர் முதலில் வந்து விழும் இடமே கம்பம் பள்ளத்தாக்கு.

அந்தப் பள்ளத்தாக்கின் நிலத்தையும் வரலாற்றையும் இரண்டு நாளில் எவ்வாறு படித்தறிவது என்பதை இங்கே எழுதுகிறேன். மாணவர்களை அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியருக்கும், சொந்த ஊரின் வரலாற்றை எழுத உட்கார்ந்து எங்கே தொடங்குவதென்று தெரியாமல் விழிப்பவருக்கும் இது உதவக்கூடும். முறை ஒன்றே: நீரோட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும், கீழிருந்து மேலே. நான் முதல்முறை இதைத் தலைகீழாகச் செய்தேன். நேரே தேக்கடிக்குப் போய், ஏரியைப் பார்த்து, மலையிறங்கி வந்து, இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லும் செழிப்பும் 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்த பிறகு வந்தவை என்று பத்துப் பக்கம் எழுதினேன். உத்தமபாளையத்தில் வயல் வைத்திருந்த பெரியவர் ஒருவர் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, “அப்ப அணை கட்டுறதுக்கு முன்னாடி நாங்க எல்லாரும் என்னத்தைத் தின்னோம் தம்பி?” என்று கேட்டார். மேலிருந்து வந்தவனுக்கு அணை மட்டுமே கண்ணில் நின்றது. சுருளியாற்றில் காலங்காலமாக வெட்டியிருந்த வாய்க்கால்கள் கண்ணில் படவே இல்லை.

மலைப் பள்ளத்தாக்கு ஊர்களைப் படிக்கும் வழி எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே இருக்கும் இன்ஸ்புரூக் நகரத்தை எடுத்துக்கொண்டால், அதன் பெயருக்கே இன் ஆற்றின் மேலுள்ள பாலம் என்பது பொருள். அதற்குத் தெற்கே 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்கும் வடக்குக்கும் சரக்குப் போய்வந்ததால் அந்தப் பாலம் ஊராகி, ஊர் நகரமானது. ஆறு, பாலம், கணவாய், மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஆகிய நான்கையும் கேட்டறிந்தால் அந்த ஊரின் கதை பாதி வந்துவிடும். கம்பத்திலும் இதே நான்கு கேள்விகளைக் கேட்கலாம். வேறுபாடு ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளைப் பனியாறுகள் அகழ்ந்து அகலப்படுத்தின, நம் மேற்குமலையில் அத்தகைய வேலை நடக்கவில்லை. அங்கே கோடையில் ஆறு பெருகுவது மலையுச்சியில் பனி உருகுவதால். கம்பத்தில் ஆனி ஆடியில் ஆறு பெருகுவது மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்வதால். அங்கே பனி செய்யும் வேலையை இங்கே ஓர் அணைக்கட்டு செய்கிறது என்று வைத்துக்கொண்டால் பெரிதும் பிழையில்லை.

புறப்படுவதற்கு முன்

ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத்தையோ, கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தையோ விரித்து வைத்துக்கொண்டு, தாளில் முதலில் மலைமுகடுகளை மட்டும் கோடாக இழுங்கள். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, தென்மேற்கில் இரண்டும் நெருங்கும் குமுளிப் பக்கம். மூன்று பக்கம் மலை அடைத்து, வடகிழக்கே தேனியை நோக்கி மட்டும் வாய் திறந்திருக்கும் ஒரு நீண்ட நாக்கு போன்ற சமவெளி தாளில் தோன்றும். அடுத்து ஆற்றை வரையுங்கள். சுருளியாறு என்றும் முல்லைப் பெரியாறு என்றும் முல்லையாறு என்றும் ஆளுக்கொரு பெயர் சொல்லும் ஆறு இதுதான். பிறகு வாய்க்கால்களை வரையுங்கள். ஊர்ப்பெயர்களை அதுவரை எழுதாதீர்கள். மலையும் நீரும் வரைந்த பின் ஊர்களைப் புள்ளியாக வைக்கும்போது, ஒவ்வொரு புள்ளியும் ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்ற கேள்வி தானாகவே எழும். மாணவர்களோடு போகிறவர்கள் இந்த ஒரு வேலைக்கு முழு மாலைப்பொழுதை ஒதுக்கினாலும் தகும்.

படிப்பதற்கு இரண்டு நூல்கள் போதும். அவற்றையும் ஒரு காரணத்துக்காகவே சொல்கிறேன். 1868-இல் நெல்சன் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு அணைக்கு முந்தையது. 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியர் அணைக்குப் பிந்தையது. இடையில் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் கிடக்கிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பற்றி இரண்டிலும் வரும் பகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரு தலைமுறைக்குள் எது மாறியது, எது மாறவில்லை என்பது தெளியும். இரண்டுமே வரி வாங்கிய ஆட்சியின் அலுவலர்கள் எழுதியவை. சாதிகளைப் பற்றி அவர்கள் தீர்ப்புச் சொல்லும் இடங்களை ஒரு சிட்டிகை உப்போடு அன்று, ஒரு மூட்டை ஐயத்தோடு வாசிக்க வேண்டும். மேலும், தேனி தனி மாவட்டமானது 1996-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய ஆவணம் எதுவானாலும் மதுரை மாவட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும்.

எப்போது போவது என்பதற்கு என் பரிந்துரை ஆனி மாதம். மழை ஒழுங்காகப் பெய்த ஆண்டுகளில் முதல்போக நெல்லுக்காக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். அதற்குப் பின் இரண்டு வாரம் கழித்துப் போனால் வாய்க்காலில் நீர், நாற்றங்காலில் பச்சை, மலைமுகட்டில் மேகம் மூன்றையும் ஒரே பார்வையில் காணலாம். சித்திரை வெயிலில் போகிறவர்கள் வேறொரு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

முதல் நாள்: மதுரையிலிருந்து கம்பம் வரை

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து கம்பம் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். நாகமலை வலப்பக்கம் கூடவே வரும். செக்கானூரணி, உசிலம்பட்டி வரை மானாவாரிச் செம்மண்ணும் கண்மாய்க் கரைகளும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே சாலை ஒரு கணவாயில் ஏறி இறங்குகிறது. சொந்த வண்டியில் போகிறவர்கள் அங்கே ஐந்து நிமிடம் இறங்கி நிற்க வேண்டும். ஆடி மாதமானால் நிற்பதே சிரமம். அம்மி பறக்கும் என்ற பழமொழியை உண்டாக்கியவர் இந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் வியப்பில்லை. கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு மலையேறி வரும் மேல்காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரமிழந்து வெறும் காற்றாகவே வருகிறது. மலைமுகட்டில் கறுத்து நிற்கும் மேகம் பள்ளத்தாக்கில் சாரலாகச் சிதறிவிட்டுப் போவதற்கும், ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் காரணம் இதுவே. இவ்வளவு மழை கண்ணெதிரே மலைக்கு மேல் பெய்தும் நம் பக்கம் வரவில்லையே என்ற ஏக்கம்தான் பின்னால் வரும் அணைக் கதை முழுவதற்கும் வித்து.

ஆண்டிபட்டிக்கு வடக்கே வைகை அணை. 1959-இல் காமராசர் ஆட்சியில் திறக்கப்பட்டது; முழுக் கொள்ளளவுக்கு 71 அடி. பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம்; நீங்கள் அணையின் மேல்நின்று மேற்கே பார்த்து, இரண்டு ஆறுகளின் நீர் இங்கே சேர்கிறது என்பதை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். அணைக்கு வெகுதொலைவில் இல்லாத புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் அவற்றுள் ஒன்று. கிறித்து பிறப்பதற்கு முந்தையதாகக் கணிக்கப்படும் அந்தக் கல்லில் வரும் கூடலூரைப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இன்றுள்ள கூடலூரோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நெல்லுக்கும் வாய்க்காலுக்கும் முன்னால் இங்கே செல்வம் என்றால் மாடு என்பதற்கு அந்தக் கல் சாட்சி. மாட்டைக் குறிப்பேட்டில் ஓர் ஓரமாக எழுதி வையுங்கள், கம்பத்தில் மறுபடி வரும்.

தேனியை நெருங்கும்போது இந்தப் பயணத்தின் திறவுகோல் இருக்கிறது. வருசநாட்டிலிருந்து வரும் ஆற்றை இங்குள்ளவர்கள் மூல வைகை என்று தனியே பிரித்துச் சொல்வார்கள். மற்றொன்று முல்லையாறு. ஆனி, ஆடியில் இரண்டு பாலங்களிலும் நின்று பாருங்கள். மழை பெய்யாத வாரமானால் மூல வைகையில் பாறையும் மணலும் கிடக்கும், ஆடு மேயும். முல்லையாற்றில் கரை நனைய நீர் போய்க்கொண்டிருக்கும். ஒரே வானத்தின் கீழ், சில கிலோமீட்டர் இடைவெளியில், ஓர் ஆறு காய்ந்தும் மற்றோர் ஆறு ஓடியும் இருப்பதன் காரணத்தை மாணவர்களிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். மறுநாள் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

பழனிசெட்டிபட்டியில் பாசனத்தின் வால் தொடங்குகிறது. இங்கிருந்து லோயர் கேம்ப் வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு; பள்ளத்தாக்கில் எந்த விவசாயியைக் கேட்டாலும் இந்த எண்ணை ஒன்று பிசகாமல் சொல்வார். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கூடும் கூட்டம் ஆற்றில் முங்கி எழுந்தே கோயிலுக்குப் போகும். வீரபாண்டியைக் கடந்தால் சாலைக்கு இருபுறமும் நிறம் மாறிவிடும்.

இங்கே ஊர்ப்பெயர்களைப் படிக்கும் வேலையைத் தொடங்கலாம். நான்கு ஈறுகளைக் கவனியுங்கள். சின்னமனூருக்குக் கல்வெட்டுகளில் அரிகேசரிநல்லூர் என்று பெயர். பாண்டிய அரசனின் பட்டப்பெயரைத் தாங்கிய நல்லூர், ஆற்றுப்பாசன நிலம், கோயில். அடுத்து உத்தமபாளையம், பாளையம் என்ற சொல் நாயக்கர் காலப் படை ஏற்பாட்டை நினைவூட்டுவது. பிறகு காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி என்று ஆள்பெயரும் சமூகப் பட்டமும் சேர்ந்த பட்டிகள். யார் தலைமையில் வந்து குடியேறினார்கள் என்பதை ஊரே நெற்றியில் எழுதி வைத்திருக்கிறது. கடைசியில் லோயர் கேம்ப். அணை கட்டியபோது மலையடியில் போட்ட கீழ் முகாம் அப்படியே ஊர்ப்பெயராகத் தங்கிவிட்டது. அதைத் தமிழ்ப்படுத்த யாரும் கவலைப்படவில்லை. நல்லூர், பாளையம், பட்டி, கேம்ப் என்ற இந்த நான்கையும் வரைபடத்தில் நான்கு நிறத்தில் வட்டமிட்டால், ஆயிரம் ஆண்டுகள் ஒரு தாளில் அடங்கும். ஒரு எச்சரிக்கை: ஒவ்வோர் ஊரிலும் பெயர்க்காரணக் கதை ஒன்று தயாராக இருக்கும், அதில் பாதி பெயரைக் கேட்டபின் கட்டியதாக இருக்கும். கல்வெட்டிலோ ஆவணத்திலோ பழைய வடிவம் கிடைக்காத பெயருக்குக் காரணம் எழுதாமல் விடுவதே நல்லது.

சின்னமனூரில் அதிக நேரம் செலவிடுங்கள். இங்கே கிடைத்த செப்பேடுகள் பாண்டியர் வரலாற்றுக்கு அடிப்படையானவை. இராசசிம்ம பாண்டியன் காலத்துப் பெரிய செப்பேடு, தன் முன்னோர் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் பெருமையாகக் கூறுகிறது. மதுரைச் சங்கத்தைப் பற்றிய அந்தக் குறிப்பு மதுரையில் கிடைக்கவில்லை, இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தது என்பதை மதுரைக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தலைநகரத்து அரசன் இவ்வளவு தூரம் தள்ளி, மலையடிவாரத்தில், நிலத்தைத் தானம் செய்து செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான் என்றால், அந்த நிலம் கொடுக்கத் தகுந்த நிலமாக, நீர் பாயும் நிலமாக இருந்திருக்க வேண்டும். உத்தமபாளையத்துப் பெரியவரின் கேள்விக்குப் பத்தாம் நூற்றாண்டிலேயே விடை இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பூலாநந்தீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு, அதற்கும் ஆற்றுக்கும் உள்ள தூரத்தை நடந்தே அளந்துகொள்ளுங்கள்.

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி பாறை என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு, கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள் உள்ளன. அச்சணந்தி என்ற பெயரும் அதில் வரும். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் ஆனைமலையிலும் அதே பெயரைப் பார்த்தவர்களுக்கு, ஒரு துறவி இத்தனை தூரம் நடந்த பாதை கண்முன் நீளும். மாலை வெயில் சாய்வாக விழும்போது உருவங்கள் நன்றாகத் தெரியும். உச்சிப்பொழுதில் போனால் பாறை வெறும் பாறையாகத்தான் இருக்கும். எழுத்துகள் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாம் நாள்: கணவாயும் குகைவழியும்

கம்பத்தில் இரவு தங்கி, விடியலுக்கு முன்பே எழுந்துவிட வேண்டும். ஐந்து மணிக்கெல்லாம் தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்கும். தலையில் துண்டு கட்டி, கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுதும் வேலை செய்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கி வருவார்கள். ஜீப்புக்குப் பின்னால் காய்கறி வண்டிகள் ஏறும். கணவாய் ஊரின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியாது. கம்பம் மெட்டு, குமுளி, போடிமெட்டு என்ற மூன்று வழிகளிலும் நெல்லும் காயும் உழைப்பும் மேலே போகின்றன. ஏலமும் மிளகும் கீழே வருகின்றன. போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தைப் பார்க்க வாய்த்தால் பாருங்கள். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் இருப்புப்பாதை போட்டதும் இந்தச் சரக்குக்காகத்தான். அகலப்பாதை வேலைக்காக 2010-இன் இறுதியில் நின்ற ரயில், 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்ப வந்தது.

கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழு இருக்கிறது. கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்தார் தெய்வமாகப் போற்றும் மாடுகள் அங்கே வளர்கின்றன. மாட்டுப் பொங்கலன்று சுற்றுவட்டார மக்கள் திரண்டு வந்து வணங்குகிறார்கள். நேற்று குறித்துவைத்த ஆகோள் நடுகல்லையும், இன்றும் மலைக்காட்டில் மேய்ச்சலுக்குப் போகும் மலைமாடுகளையும் இதனோடு சேர்த்து எழுதலாம். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே கோடாக இழுத்து, இதுவே அதன் தொடர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது. காப்பிலியர் வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்கள். நிலம் மாட்டுக்கு ஏற்றது என்பது மட்டுமே பொது.

அடுத்தது திராட்சைத் தோட்டம். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் எந்தத் தோட்டத்து வாசலிலும் நின்று அனுமதி கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, தலைக்கு ஒரு சாண் உயரத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். உள்ளே குனிந்து நுழைந்தால் வெளியே அடிக்கும் வெயில் பச்சையாக வடிகட்டி இறங்கும். இலைகளில் மருந்து தெளித்த நீலவெள்ளைப் புள்ளிகள், காலடியில் சொட்டுநீர்க் குழாய், எட்டும் தூரத்தில் கறுப்புக் குலைகள். ஒரு தோட்டத்தில் பழம் கறுத்திருக்கும். வேலிக்கு அப்பால் அடுத்த தோட்டத்தில் கொடி மொட்டையாக, அப்போதுதான் கவாத்து செய்து நிற்கும். இதுதான் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய மலைச்சரிவுகளில் குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும், ஆண்டுக்கு ஒரு முறைதான் பழம். இங்கே கொடியை உறங்கவைக்கும் குளிர் இல்லை. எப்போது காய்க்க வேண்டும் என்பதைக் கத்திரிக்கோல் முடிவுசெய்கிறது. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம் என்பதால், தோட்டத்துக்குத் தோட்டம் நாளை மாற்றி, ஆண்டு முழுதும் சந்தைக்குப் பழம் அனுப்புகிறார்கள். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோலில் இலேசான புளிப்பும் உள்ளே விதையும் இருக்கும். விதையில்லாப் பழம் தின்று பழகிய பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதுதான் திராட்சை.

கூடலூரைக் கடந்தால் மலை முகத்துக்கு நேரே வந்து நிற்கும். லோயர் கேம்ப்பில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு இறங்குவதைப் பாருங்கள். நேற்று தேனியில் விடை சொல்லாமல் விட்ட கேள்விக்குப் பதில் அவற்றுக்குள் இருக்கிறது. தேக்கடியில் தலைமதகு வழியாகப் புகும் நீர் மலைக்குள் குடைந்த ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அளவுள்ள குகைவழியைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறது. குழாய்களில் விழுந்து, மின்நிலையத்தைச் சுழற்றி, ஆற்றில் சேர்கிறது. மின்நிலையம் 1958-இல் இயங்கத் தொடங்கியது. குழாய்க்குப் போகாத உபரி நீர் இரைச்சல் பாலம் வழியாக இறங்குகிறது. திறந்துவிட்ட நாளில் அருகே நின்றால், பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்குக் காதோடு வாய் வைக்க வேண்டும்.

இங்கே நின்று அணையின் வரலாற்றைச் சொல்லுங்கள், கால வரிசையில். மேற்கே போகும் நீரைத் திருப்பும் எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. செலவு தாங்காமல் கைவிடப்பட்டது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, இது நடவாத காரியம் என்று எழுதிப் போனார். பெரும் பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசுக்கு அவசரம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887-இல் பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டிய அணை அது. 1970-இல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது.

அணையைப் போய்ப் பார்க்க முயல வேண்டாம். கேரளத்துப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, அனுமதியின்றிப் போக முடியாது. நேரமிருந்தால் குமுளி ஏறித் தேக்கடியில் படகில் போங்கள். நீருக்கு மேல் கறுத்து நீட்டிக்கொண்டிருக்கும் பட்டமரங்களைப் பறவை உட்காரும் கட்டை என்று எண்ணிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை.

கேட்பதும் எழுதுவதும்

பள்ளத்தாக்கில் பலர் வீட்டுச் சுவரில் பென்னிகுயிக் படம் சாமி படங்களோடு இருக்கும். அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. பாதியில் பணம் நின்றபோது இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதையை நீங்கள் குறைந்தது மூன்று பேரிடம் கேட்பீர்கள். திட்டம் அரசுப் பணத்தில் நடந்தது. சொத்தை விற்றதற்கு ஆவணச் சான்று யாரும் காட்டியதில்லை. அதற்காகக் கேட்ட இடத்திலேயே மறுத்துப் பேசுவது முறையன்று. “ஊரார் சொல்வது” என்று தனித் தலைப்பில், சொன்னவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். சோறு போட்ட ஆற்றுக்கு மக்கள் எப்படி நன்றி சொல்கிறார்கள் என்பதும் வரலாறுதான். கட்டியவர்களில் காய்ச்சலிலும் விபத்திலும் மாண்ட கூலியாட்களுக்கு இத்தகைய கதை ஏன் உருவாகவில்லை என்று கேட்டுப் பார்ப்பதும் தகும்.

டீக்கடைகளில் 136, 142, 152 என்ற மூன்று எண்கள் அடிக்கடி காதில் விழும். அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 1979-இல் பாதுகாப்புக் காரணம் சொல்லி அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு பேச்சைக் கேளுங்கள், கேட்க மட்டும் செய்யுங்கள்.

பெரியவர்களிடம் “இந்த ஊர் வரலாறு என்ன?” என்று கேட்டால், யாரோ எழுதியதையே திருப்பிச் சொல்வார்கள். “ஐயா, உங்க அப்பா காலத்துல இந்த வயலுக்கு எந்த வாய்க்கால் தண்ணி பாஞ்சது? தண்ணி வராத வருசம் என்ன வெதச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். வயலின் பெயர், மடையின் பெயர், மடை பார்த்தவரின் பெயர், பங்காளிச் சண்டை, பஞ்சத்தில் மலையேறிப் பிழைத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெண்களிடம் தனியே கேளுங்கள். தோட்ட வேலைக்கு மலையேறிய கதை அவர்களிடம்தான் இருக்கிறது. பளியன்குடியில் வாழும் பளியர் பழங்குடியினரிடம் போகும்போது கூட்டமாகப் போக வேண்டாம். சித்திரைப் பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறும் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆண்டுக்கு அந்த ஒருநாள் மட்டுமே கோயிலுக்குப் போக அனுமதி என்பதால், அன்று அவர்களோடு பேச நேரம் கிடைக்காது.

ஊர் திரும்பியதும் எழுதும்போது குறிப்பேட்டின் முதல் வரியில் நீங்கள் போன தேதியையும், அன்றைய நாளிதழில் வந்த பெரியாறு, வைகை அணைகளின் நீர்மட்டத்தையும், தலைமதகு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் எழுதிவிடுங்கள். என் முதல் குறிப்பேட்டில் “உத்தமபாளையத்தில் ஆறு வறண்டிருந்தது” என்று ஒரு வரி இருக்கிறது; தேதி இல்லை, மட்டம் இல்லை. மழை பொய்த்ததாலா, தண்ணீர் திறப்பதற்கு முந்தைய வாரம் போனதாலா என்று இன்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.